சின்ன சேரின் மகள்

சின்ன சேர் என்று அவருக்குப் பெயர் விழுந்ததற்கும் நாற்காலியின் அளவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தச் சலூனில் இருந்தவை இரண்டே நாற்காலிகள். இரண்டும் ஒரே நாளில் ஒரே வண்டியில் வந்து இறங்கியவை. ஒரே உயரம், ஒரே கறுப்பு ரெக்சின். வாசல் பக்கத்து நாற்காலியில் அண்ணன் வேலை பார்த்தார், உள்பக்கத்து நாற்காலியில் தம்பி. வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே "பெரிய சேர் காலியா, சின்ன சேர் காலியா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அண்ணனுக்கும் தம்பிக்கும் அதுவே பெயராகிவிட்டது. வங்கியில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சின்ன சேர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

ஆள் நல்ல வாய்க்காரர். துணிக்கடையில் கொஞ்ச நாள், லாரி ஆபீசில் கொஞ்ச நாள் என்று எங்கும் கால் பாவாமல் திரிந்தவர், அண்ணன் கடைக்கு வந்த பிறகுதான் நிலைத்தார். காரணம், பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேலை இது ஒன்றுதான் என்று அவரே சொல்வார். அண்ணன் நேர் எதிர். வாயைத் திறந்தால் காற்று புகுந்துவிடுமோ என்று பயந்தவர் போல இருப்பார். ஆனால் தம்பி சொல்வதற்கெல்லாம் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத் தம்பி திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, கண்ணாடியிலேயே தெரியும். காலையிலிருந்து இரவு வரை அவர்கள் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது அபூர்வம். எல்லாப் பேச்சும் கண்ணாடி வழியாகத்தான். சண்டைகூட அப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. ஊரில் இருக்கிற தலையெல்லாம் வெட்டலாம், தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. ஆகவே வார விடுமுறைக்கு முந்தைய நாள், கூட்டம் ஓய்ந்ததும், அண்ணன் தம்பிக்கு வெட்டுவார் அல்லது தம்பி அண்ணனுக்கு வெட்டுவார். முறை போட்டுக்கொண்டதில்லை. யாருக்கு முதலில் காது மறைகிறதோ அவர் உட்கார வேண்டியது. வேறு யார் கத்தரியும் அந்த இரண்டு தலைகளிலும் பட்டதில்லை.

வீடும் ஒன்றுதான். கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம். தம்பியின் மனைவி செருப்புக்கடையில் பில் போடுகிறவர். ஒரே மகள், பதினோரு வயது. வாலு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள், பொருத்தம் பார்த்து வைத்த பெயர். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே சலூனுக்கு வந்து, காத்திருப்பவர்களுக்குப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். அன்று வந்துபோன ஆட்களைப் போலப் பேசிக்காட்டுவாள். வழுக்கை விழுந்த தபால்காரர், இருக்கிற நாலு முடியையும் எந்தப் பக்கம் சீவுவது என்று ஆலோசனை கேட்பதை அவள் செய்தால், பேசாத பெரியப்பாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தரியைக் கீழே வைத்துவிடுவார்.

முதலில் போனது அதுதான். தபால்காரரை ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்தினாள். என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே மறந்துபோன மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடு இல்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர், கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி ஆகிவிட்டது, தெரிந்த வாய்ப்பாடு தெரியவில்லை என்கிறாள் என்று புகார் சொன்னார். மனைவி மகளைத் திட்டினார். சின்ன சேர் மனைவியைத் திட்டினார். பெண் பிள்ளைகள் வளருகிற வயதில் இப்படித்தான் கொஞ்சம் மந்தமாக இருப்பார்கள் என்று கடையில் யாரோ சொன்னதை, தானே கண்டுபிடித்த மாதிரி வீட்டில் வந்து சொன்னார்.

அடுத்து அவள் தலை விழ ஆரம்பித்தது. சாப்பிடும்போது தலை ஒரு வெட்டு வெட்டி முன்னால் விழும், உடனே நிமிரும். கையில் இருக்கிற டம்ளர் தெறிக்கும். இந்த இடத்தில்தான் சின்ன சேர் தன் தொழிலை நம்பி ஏமாந்தார். இருபது வருடமாகத் தலை விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் அவர். கழுத்தில் துணியைக் கட்டி, காதோரம் கத்தரிச் சத்தம் கேட்டால், போலீஸ்காரர் தலையும் விழும், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் தலையும் விழும். இரண்டு விரலை நெற்றியில் வைத்து அதை நிமிர்த்திவிட்டு வேலையைத் தொடருவது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஆகவே மகளுக்கு என்ன கோளாறு என்று அவர் யோசிக்கவே இல்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது, தூக்கம். ராத்திரி போனை நோண்டுகிறாள், பகலில் தூங்கி வழிகிறாள். போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். சீக்கிரம் படுக்க வைத்தார். பாலில் எதையோ கலந்து கொடுத்தார். டாக்டரிடம் காட்டலாமா என்று மனைவி கேட்டதற்கு, தலை விழுவதைப் பற்றி எனக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியும் என்று கேட்டார்.

ஒரு மாலை மகளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து முடி வெட்டினார். தலை விழுந்தது. இரண்டு விரலால் நிமிர்த்தினார். மறுபடி விழுந்தது, மறுபடி நிமிர்த்தினார். பின்கழுத்தில் சவரக்கத்தியை வைத்து ஓரம் எடுக்கும்போது ஒரு வெட்டு வெட்டித் தலை விழ, கத்தி தோலைக் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். ஆனால் அவர் கையால் ஒரு தலையில் ரத்தம் பார்த்து வருடக்கணக்காகிறது. கோபம் பொத்துக்கொண்டு வர, பின்மண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டார்.

அப்போதுதான் பக்கத்து நாற்காலியில் வேலை செய்துகொண்டிருந்த அண்ணன் கத்தரியை நிறுத்தினார். பின்கழுத்தைக் குனிந்து பார்க்கிறவனுக்குப் பின்மண்டைதான் தெரியும். பக்கத்தில் நின்ற அண்ணனுக்குக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்திருந்தது.

"அடிக்காதடா. அது தூக்கம் இல்ல. கண்ணு திறந்துதான் இருக்கு" என்றார் அண்ணன்.

சின்ன சேர் கண்ணாடியைப் பார்த்தார். மகள் கண்ணைத் திறந்துகொண்டு, என்ன நடந்தது என்று தெரியாமல், கன்னம் துடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை விழுந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி விழுந்தது. அதே இடைவெளி, அதே வெட்டு, இமை மூடவே இல்லை. தூங்குகிறவன் தலை இப்படி முறை வைத்துக்கொண்டு விழாது என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் பார்க்கவில்லை. தட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அண்ணன் அவசரமாகத் தன் ஆளை அனுப்பிவிட்டு, ஷட்டரை இழுத்து மூடி, ஆட்டோவைக் கூப்பிட்டார்.

குழந்தை டாக்டர் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே நரம்பு டாக்டரம்மா. தலையெல்லாம் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அண்ணன் மகன், பதினாறு வயதுப் பையன், தங்கச்சி தங்கச்சி என்று அவளைச் சுற்றியே வளர்ந்தவன், பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து மாடிக்கு மாடி தள்ளிக்கொண்டு திரிந்தான். முடிவெல்லாம் வந்தபின் டாக்டரம்மா அப்பாவையும் அம்மாவையும் மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். குழந்தையாக இருந்தபோது இவளுக்குத் தட்டம்மை வந்ததா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

வந்தது. ஏழு மாதத்தில். உடம்பெல்லாம் சிவந்து, கண் ஒட்டிக்கொண்டு, ஒரு வாரம் படுத்தி எடுத்தது. அப்புறம் போய்விட்டது. போனது போனதுதான் என்று அவர்கள் மறந்தும் விட்டார்கள்.

"அது முழுசாப் போகலைங்க" என்றார் டாக்டரம்மா. "பெரும்பாலும் உடம்பு அந்தக் கிருமிய விரட்டிடும். ரொம்பச் சின்னக் குழந்தையில வந்தா, அபூர்வமா சில பேருக்கு, அது மூளைக்குள்ள தங்கிடும். வருஷக்கணக்கா எந்தச் சத்தமும் இருக்காது. புள்ள ஓடும், ஆடும், படிக்கும். அப்புறம் ஒரு நாள் வேலைய ஆரம்பிக்கும்."

நோய்க்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார், பிறகு அதைச் சுருக்கி எஸ்.எஸ்.பி.இ. என்றார். முதலில் குணம் மாறும், படிப்பு போகும். அப்புறம் இந்த வெட்டி வெட்டி இழுப்பது. அப்புறம் நடை போகும், பேச்சு போகும், ஆள் அடையாளம் போகும். இழுப்பைக் குறைக்க மருந்து உண்டு. நோயின் வேகத்தைக் குறைக்க முடிகிறதா என்று பார்க்க வேறு மருந்துகள் உண்டு, சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. குணமாக்குகிற மருந்து இல்லை. இது இனி யாருக்கும் அவளிடமிருந்து தொற்றாது, பயமில்லாமல் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம். எதையும் மூடி மறைக்காமல், அதே சமயம் அவசரப்படாமல் சொன்னார். சின்ன சேருக்கு அந்த அம்மாவின் மேல் கோபம் வந்தது, மரியாதையும் வந்தது.

கடைசியில் அவர் மனைவிதான் கேட்டார், நாங்கள் நாள் தவறாமல் ஊசி போட்டோமே என்று.

"நீங்க போட்டது சரிதான். ஊசியால இது வராது, ஊசிதான் இது வராமத் தடுக்கும். ஆனா மொத ஊசியே ஒம்போது மாசத்துலதான். இவளுக்கு ஏழு மாசத்துலயே வந்துடுச்சு. உங்க மேல தப்பே இல்ல. அந்த வயசுக் குழந்தைக்கு, சுத்தி இருக்கறவங்க போட்டிருக்கற ஊசிதான் காவல்."

ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் கணவனும் மனைவியும் அதைக் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் நினைவுக்கு வந்துவிட்டான். வெளியே சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான் அவன்.

கதை இவ்வளவுதான். அண்ணனின் மூத்த மகளுக்குக் குழந்தையில் ஏதோ ஓர் ஊசி போட்ட அன்று காய்ச்சல் ஏறி, ஜன்னி வந்து, கண் மேலே செருகிவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது, ஆனால் அண்ணிக்குப் பயம் போகவில்லை. அடுத்துப் பிறந்த மகனை ஊசிப் பக்கமே கொண்டுபோகவில்லை. அண்ணனும் சரி விடு என்றுவிட்டார். அந்தப் பையனுக்கு ஐந்து வயதில் தட்டம்மை வந்தது. வருவதற்கு முந்தைய நாள் வரை மாடிக்கு ஓடி ஓடி வந்து, தொட்டிலில் கிடந்த தங்கச்சிக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தடிப்பு இறங்கிய சில நாளில் அவளுக்கு ஏறியது. யாரிடமிருந்து வந்தது என்று அப்போதே எல்லோருக்கும் தெரியும். அண்ணன் பிள்ளையிடமிருந்து தம்பி பிள்ளைக்கு அம்மை வந்தால் அதில் பேச என்ன இருக்கிறது? சிரித்துக்கொண்டார்கள்கூட.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வீட்டில் சொல்லும்போது, அம்மையோடு சம்பந்தப்பட்டது என்பதைச் சின்ன சேர் விழுங்கிவிட்டார். மூளையில் ஒரு கிருமி, எப்படி வந்ததென்று தெரியாது என்றார். அண்ணன் மேற்கொண்டு கேட்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் ஒன்றும் மேலே ஏறவில்லை, எல்லாம் இறங்கியது. மருந்தில் தலை வெட்டி விழுவது குறைந்தது. ஆனால் நடை போயிற்று. மனைவி வேலையை விட்டார். பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகக் கழன்றது. கடைசியாக நின்ற வார்த்தை "அப்பா"வா "அம்மா"வா என்று அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கட்டிலில் படுத்தாள். கூழாகக் கரைத்ததை மூக்கு வழியாகப் போட்ட குழாயில் கொடுத்தார்கள். காலையில் பெரியம்மா வந்து துடைத்து உடை மாற்றுவார், பையன் வந்து தூக்கிப் புரட்டிப் படுக்க வைப்பான். தினமும் வந்தார்கள், கூப்பிடாமலே வந்தார்கள். அந்தப் பையன் அவள் காதில் இன்னும் தபால்காரர் மாதிரி பேசிக்காட்டுவதைக் கதவோரம் நின்று பார்க்கும்போது, சின்ன சேருக்கு அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவும் தோன்றியது. ஐந்து வயதில் ஆசையாக முத்தம் கொடுத்தவனை என்ன செய்வது? ஆத்திரம் நியாயமே இல்லாதது என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் அது போகவில்லை.

கடையில் வாய் குறைந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தலையை அடுத்தவன் கையில் கொடுத்தபின் மனிதனுக்கு வாய் ஒன்றுதானே சும்மா இருக்கிறது. கேட்டுக்கொண்டார். தன் முடி வளர்ந்தபோது மட்டும் அண்ணனிடம் உட்காரவில்லை. இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளினார். அண்ணன் உட்கார வந்தாலும் கை வலிக்கிறது என்றார். இரண்டு பேருக்கும் முடி காதை மூடி, கழுத்தில் இறங்கியது. முடி வெட்டுகிறவர்களே இப்படி இருந்தால் நாங்கள் எதை நம்பித் தலையைக் கொடுப்பது என்று தபால்காரர் கேலி செய்தார். அண்ணன் வழக்கம்போலக் கண்ணாடியில் சிரித்தார். தம்பி கண்ணாடியைப் பார்க்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கீழ் வீட்டில் இன்னொரு குழந்தை. அண்ணனின் மூத்த மகள், கணவன் வேலையாக வெளியூரில் இருந்ததால், எட்டு மாதக் கைக்குழந்தையோடு தாய் வீட்டில் இருந்தாள். குண்டுக் கன்னம், உருண்டை என்று பெயர். அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் தட்டம்மை பரவுவதாக, முடி வெட்ட வந்த தலைமையாசிரியர் சொன்னார். அன்று மாலையே சின்ன சேர் கீழே போய், உருண்டைக்கு ஒன்பது மாதம் நெருங்குகிறதே, ஊசிக்கு நாள் கேட்டாச்சா என்று பேச்சுவாக்கில் விசாரித்தார். போன ஊசிக்கே இரண்டு நாள் காய்ச்சல், இது வேண்டாம், நடக்கட்டும், ரெண்டு வயசு ஆகட்டும் என்றார் அண்ணி. அம்மா சொன்னதற்கு மகளும் தலையாட்டினாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, உங்க அண்ணி சொன்னால் சரிதான் என்றார். சின்ன சேர் விடவில்லை. டாக்டர் சொல்கிறார், அரசாங்கம் சொல்கிறது என்று சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்தார்.

"உங்க பொண்ணுக்கு நாள் தவறாமப் போட்டீங்களே தம்பி, என்ன ஆச்சு?" என்றார் அண்ணி.

குத்திக்காட்டச் சொல்லவில்லை. கண்ணில் நீர் வைத்துக்கொண்டுதான் கேட்டார். ஊசியினால்தான் அந்தப் பிள்ளை இப்படிக் கிடக்கிறது என்று மனசுக்குள் நம்பிக்கொண்டு, இவர்கள் நொந்துபோவார்களே என்று இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். சின்ன சேர் மாடிக்கு வந்துவிட்டார்.

மனைவி குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த அந்த நிமிடத்தைப் பற்றி அன்றுவரை அவர்கள் பேசியதே இல்லை.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார் மனைவி. "நான் சொன்னா கோவமாத்தான் வரும், என்னால அத மறைக்க முடியாது. நீங்க சொன்னா சேதியா வரும். எப்படியோ, அந்தக் குழந்தைக்கு ஊசி போடணும்."

சொன்னால் அண்ணன் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் உருண்டைக்கு ஊசி இல்லை. பாதியைச் சொல்லிப் பாதியை மறைக்கவும் வழியில்லை. தட்டம்மை என்று வாயில் வந்ததுமே அண்ணன் மீதியைப் போட்டுக் கூட்டிவிடுவார், பேசாத ஆட்களுக்குக் கணக்கு வேகமாக வரும். சின்ன சேர் மறுநாள் பூராவும் யோசித்தார். யோசித்தார் என்று சொல்வதுகூடச் சரியில்லை, தள்ளிப்போட்டார். அதற்கு மறுநாள் மதியம், கடையில் ஆளில்லாத நேரத்தில், கழுத்துத் துணியை எடுத்து உதறினார்.

"உட்காருங்க அண்ணா. காது மறைஞ்சிருச்சு."

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. மாதக்கணக்காகக் காத்திருந்தவர் போல ஓடிவந்து உட்கார்ந்தார். சின்ன சேர் துணியைக் கட்டினார். பிறகு, அந்தக் கடையில் அதுவரை யாரும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். நாற்காலியைச் சுழற்றி, கண்ணாடிக்கு முதுகு காட்டி நிறுத்தினார். எதிரே வெறும் சுவரும் காலண்டரும். முகம் பார்த்துச் சொல்ல அவரால் முடியாது. அண்ணன் என்னவென்று கேட்கவில்லை. துணிக்குள் கை இரண்டும் நாற்காலிப் பிடியைப் பற்றிக்கொண்டது மட்டும் தெரிந்தது.

வலது பக்கத்தை முடிக்கும்வரை சும்மா வெட்டினார். பிறகு பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பித்தார். கிருமி தங்கியது, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்தது, ஊசி போடுகிற வயது வருவதற்கு முன்பே வந்தது. கைக்குழந்தைக்குச் சுற்றியிருப்பவர்களின் ஊசிதான் காவல் என்று அந்த அம்மா சொன்னதை அதே வார்த்தையில் சொன்னார். யார் மேலும் பழி போடச் சொல்லவில்லை, உருண்டைக்காகச் சொல்கிறேன் என்றார். காய்ச்சல் வந்தால் மருந்து இருக்கிறது, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, இதற்கு ஒன்றும் இல்லை என்றார். பையனின் பெயரை எடுக்கவே இல்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை. கத்தரி எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியாது.

சுவர்ப் பக்கம் பார்த்தபடியே அண்ணன் கேட்டார். "இது எப்ப தெரியும் உனக்கு?"

"டாக்டரம்மா சொன்ன அன்னிக்கே."

"அதான் முடிய வளத்தியா?"

சின்ன சேர் ஆமாம் என்றார். பையனுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் சொல்லி முடித்தார்.

அண்ணன் எழுந்தார். கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்து நாற்காலியில் போட்டார். தலையின் வலது பக்கம் ஒட்ட வெட்டியும் இடது பக்கம் காதை மூடிக்கொண்டும் இருக்க, அப்படியே தெருவில் இறங்கி நடந்தார். எதிர்க்கடைக்காரர் சிரித்துக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அண்ணன் காதில் அது விழவில்லை. சின்ன சேர் ஷட்டரை இழுத்துவிட்டுப் பின்னால் ஓடினார். பூட்டினோமா என்பதுகூட நினைவில்லை.

கீழ் வீட்டு வாசலில் அண்ணி திகைத்துப்போய் நின்றுகொண்டிருந்தார். பாதித் தலையோடு வந்த மனிதர், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் உருண்டையின் ஊசிக்கு நாள் வாங்க வேண்டும், ஊசி போடுகிற அன்று மடியில் நான்தான் வைத்துக்கொள்வேன், பையனையும் கூட்டிக்கொண்டு போய் அவனுக்கு விட்டுப்போனதையெல்லாம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போயிருக்கிறார். மறுபேச்சுப் பேசியிருக்கிறார் அண்ணி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, வாயை மூடு என்றிருக்கிறார் அவர். என்ன நடந்தது தம்பி என்று அண்ணி கேட்டதற்கு, அவர் சொல்வார் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சின்ன சேர் படியேறினார்.

மாடி அறையில் மனைவி சுவரோரம் ஒதுங்கி நின்றிருந்தார். மகள் கட்டிலில் கண்ணைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் கிடப்பாள், பகலென்றும் இரவென்றும் அவளுக்கு இல்லை. அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மண்டியிட்டு, அவளது மடங்கிப்போன கையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டைக் காலரெல்லாம் வெட்டிய முடி. வாழ்நாளில் பேசாத அத்தனையும் சேர்த்துப் பேசுகிறவர் மாதிரி பேசிக்கொண்டிருந்தார். அவனை ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும், பயந்துவிட்டேன், உன் பெரியம்மா பயந்தாள் என்று சொல்லமாட்டேன், நான்தான் பயந்தேன், நான்தான் விட்டுவிட்டேன், பெரியப்பாவை மன்னித்துவிடு கண்ணு, என்னை மன்னித்துவிடு என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

சின்ன சேர் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தாங்க முடியவில்லை. உள்ளே வந்து அண்ணனின் தோளைத் தொட்டார்.

"எழுந்திருங்க அண்ணா. அவளுக்குக் கேக்காது."

அண்ணன் அவளது கையை விடாமலே திரும்பினார். இடையில் கண்ணாடி எதுவும் இல்லாமல், நேராகத் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"உனக்குக் கேக்குதுல்ல?"

சின்ன சேர் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கேட்கிறது என்று சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.